உப்பு விளைத்தார்க்கு ஐயாயிரம்: ஈகையா, கடனா?

ஐப்பசி அடைமழை இறங்கிய அன்றே மரக்காணத்து அளங்கள் அடங்கிவிடுகின்றன. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த வெண்பரப்பு, சில நாள்களிற் சேறும் மழைநீரும் தேங்கிய வெற்றுக் குளமாய் மாறிவிடும். வரப்புகள் கரையும்; பாத்திகள் சிதையும்; அதுவரை பலகை பிடித்து உப்பு வாரிய கைகளுக்கு வேலையில்லை. மழை ஓய்ந்து, தை பிறந்து, நீரை இறைத்து வெளியேற்றி, வரப்புக் கட்டிப் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கி, உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவைத்து, மீண்டும் முதல் உப்பைக் காணும்வரை அளத்து மக்களுக்கு உலை கொதிப்பது எப்படி? இவ்வினாவை வெயிற்காலத்திற் கேட்பாரில்லை. மழைக்காலத்திலும், அது தலைநகரில் முழங்கால் அளவு நின்றால்தான் கேட்கப்படுகின்றது.

2022-ஆம் ஆண்டில் இசுடாலின் தலைமையிலான தமிழ்நாட்டரசு, உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையற்ற மழைக்காலத்தை முன்னிட்டு ஐயாயிரம் உருபா வழங்கத் தொடங்கிற்று. அதற்கு 'நிவாரணம்' என்று பெயர் வைத்தனர். கொடுத்ததை வேண்டாவென்று கூறுவார் எவருமிலர்; நாமும் கூறோம். அதற்கு முன் ஆண்ட எந்த அரசுக்கும் தோன்றாத ஒன்று இவ்வரசுக்குத் தோன்றியதை மறைப்பதும் நேர்மையன்று. ஆயினும், தோன்றியது என்ன, அதற்கு இட்ட பெயர் என்ன, அளந்த அளவு என்ன என்பவற்றை ஆராயாமல் கைதட்டிவிட்டுப் போவது தமிழுணர்வாளர்க்கு அழகாகாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர், திசம்பர் ஆகிய மூன்று திங்களுக்கும் 92 நாள்கள். ஐயாயிரத்தை அதனால் வகுத்தால் நாளொன்றுக்கு 54 உருபா 35 காசு. நால்வர் வாழும் குடும்பமெனின் ஆளுக்குப் பதின்மூன்றரை உருபா. கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் ஒரு தேநீருக்கும் ஒரு வடைக்குமே இது கூடியும் கூடாமலும் போம். அந்த வடையில் இட்ட உப்பு யார் வாரியது என்று கேட்டுவிடாதீர்கள்!

இனிப் பெயர். 'நிவாரணம்' என்னும் வடசொல்லுக்குத் தடுத்தல், விலக்கல் என்பது பொருள். பதின்மூன்றரை உருபா எதனைத் தடுக்கும்? எதனை விலக்கும்? ஆனால், சொல்லின் பொருளைக் காட்டிலும் அதனைச் சுற்றி வளர்ந்துள்ள மணமே நமக்குக் கவலை தருவது. நிவாரணம் என்றால் வரிசையில் நிற்பது, கையை நீட்டுவது, கொடுப்பவர் முகம் நோக்கிச் சிரிப்பது. கொடுத்தால் நன்றி, கொடுக்காவிட்டால் கேட்க வாயில்லை. இறந்தார் குடும்பத்திற்குத் தரும் பணத்தைக் 'கருணைத்தொகை' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. யார்மீது யார் கொள்ளும் கருணை?

வேடிக்கை ஒன்று கேளுங்கள். அதே 2022-இல், தமிழ்நாடு உப்பு நிறுவனம் புதிதாய்ச் சந்தைக்குக் கொண்டுவந்த உப்புப் பொதிக்கு 'நெய்தல்' என்று பெயர் சூட்டிற்று. அழகிய பெயர்! கடலும் கடல்சார்ந்த இடமும், உப்பு விளைத்த பரதவரும், உப்பு வண்டி ஓட்டிய உமணரும் நெஞ்சில் எழும் பெயர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணப் பகுதியே என்று அறிஞர் சிலர் கருதுவர். அத்தகைய மண்ணின் தொன்மை அப்பெயரில் ஏறி நிற்கின்றது. பொதிக்குக் கழகத் தமிழ். பொதிக்குள் இருப்பதை விளைத்த மாந்தனுக்கு வடமொழி நிவாரணம்! விற்கும்போது நெய்தல், கொடுக்கும்போது நிவாரணம்! தமிழ், சந்தைக்கு ஒப்பனையாக மட்டும் பயன்படுமானால், அத்தமிழால் அளத்துத் தமிழனுக்கு ஆவதென்ன?

நல்ல சொல் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லவும் இயலாது. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் உருபா வழங்கத் தொடங்கியபோது, அதே அரசே அதற்கு 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டது. வீட்டில் உழைக்கும் பெண்டிர்க்குத் தருவது ஈகையன்று, உரிமை என்று அன்று விளக்கமும் கூறினர். மிகச் சரி. அப்படியாயின், வெயிலில் நின்று, உவர்நீரிற் கால் வெடித்து, வெண்மையின் கூசலிற் கண் மங்கி, தலையில் உப்புக்கூடை சுமந்து கரையேறும் அளத்துப் பெண்ணுக்குத் தருவது மட்டும் எப்படி உரிமையல்லாமற் போயிற்று?

"மழை பெய்வதற்கு அரசு என்ன செய்யும்? வேலையில்லாத எல்லாரும் பணம் கேட்டால் எங்கே போவது?" என்று சில அறிவாளிகள் கேட்பர். அவர்களை மீன்பிடி தடைக்காலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் இறங்கக்கூடாது. அதன்பொருட்டு மீனவர் குடும்பங்களுக்குத் தந்துவந்த ஐயாயிரத்தை எண்ணாயிரமாக உயர்த்துவதாக 2023-இல் அறிவித்தனர். நன்று, அவர்களுக்கு அதுவும் போதாது. ஆனால் அங்கே ஏற்கப்பட்ட நெறி என்ன? ஒரு தொழிலாளி தன் குற்றமின்றி, தொழிலின் இயல்பு கருதி வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தால், அந்நாள்களுக்கு அவன் வயிற்றுக்குக் குமுகம் பொறுப்பேற்க வேண்டும் என்பதே. மீன் இனம் பெருகக் கடல் ஓய்வெடுக்கின்றது. மழை வந்து அளம் ஓய்வெடுக்கின்றது. இரண்டிற்கும் நெறி ஒன்றே. அங்கே 61 நாளுக்கு எட்டு. இங்கே 92 நாளுக்கு ஐந்து! இக்கணக்கைப் போட்டவர் எந்தப் பள்ளியிற் படித்தாரோ, அறியோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு, பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிற்று. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டித் தீர்த்தது. மரக்காணமும் அதன் குப்பங்களும் அளங்களும் அப்புயலின் வழியிலேயே கிடந்தன. புதுச்சேரி அரசு தன் குடும்ப அட்டையர் அனைவர்க்கும் ஐயாயிரம் உருபா என்று அறிவித்தது. தமிழ்நாட்டரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களிற் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டாயிரம் என்று அறிவித்தது. மரக்காணத்திலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையிற் சென்றால் சிறிது நேரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே மழை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் இரண்டு! அதற்கு முந்திய ஆண்டு, 2023 திசம்பரில், மிக்சாம் புயல் சென்னையை முழுக்காட்டியபோது இதே தமிழ்நாட்டரசு தந்தது ஆறாயிரம். சென்னையில் நனைந்தால் ஆறு. விழுப்புரத்தில் நனைந்தால் இரண்டு. நீரின் ஆழத்தைக் கொண்டு அளந்தார்களா? அல்லது குரலின் உயரத்தைக் கொண்டு அளந்தார்களா?

அன்றைய அறிவிப்பை எழுத்தெண்ணிப் படித்துப் பார்த்தோம். நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000 உருபா. மாடு இறந்திருந்தால் 37,500. ஆடு இறந்திருந்தால் 4,000. கோழிக்கு 100. குடிசைக்கு 10,000. உழவனுக்கும் ஆயனுக்கும் இவை வேண்டியவையே. ஆனால் உப்புக்கு அங்கே ஒரு வரியில்லை. அளத்துக் கூலியாளின் இழந்த நாளுக்கு ஒரு வரியில்லை. கோழிக்கு இருக்கும் இடம் அவனுக்கு இல்லை! நெல் மண்ணில் விளைகின்றது, ஆகவே அது பயிர். உப்பும் மண்ணில்தான் விளைகின்றது, 'உப்பு விளைதல்' என்றே நம் மொழி கூறுகின்றது. எனினும் அரசின் ஏட்டில் அது பயிரன்று. மொழி அறிந்ததை அரசு அறியவில்லை.

அந்த ஏடு யார் கையிலுள்ளது என்பதையும் கூறிவிடுவோம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, நடுவணரசின் பட்டியலில் 58-ஆம் இனமாக உப்பை வைத்துள்ளது. மரக்காணத்து அளநிலம் நடுவணரசின் உப்புத்துறை நிலம், குத்தகைக்கு விடப்படுவது. அவ்வுப்பு ஆணையரின் தலைமையகம் எங்கே? கடலையே காணாத செய்ப்பூரில்! வெள்ளையன் உப்புக்கு வரி போட்டான் என்று 1930-இல் வேதாரணியத்திற்கு நடந்து சென்று சிறை புகுந்தார்கள் நம்மவர். 1947-இல் வரி போயிற்று, உப்பின் மீதுள்ள ஆட்சி இலண்டனிலிருந்து தில்லி வழியாகச் செய்ப்பூருக்குப் போயிற்று, மரக்காணத்துக்கு வரவில்லை. நிலமும் அதிகாரமும் அங்கே. அடைமழையிற் பட்டினி கிடப்போர்க்குப் பொறுப்பு மட்டும் இங்கே. பெஞ்சலுக்குப் பின் தமிழ்நாட்டரசு உடனடியாக 2,000 கோடி கேட்டது. தில்லி விடுத்தது 944.80 கோடி, அதுவும் ஆண்டுதோறும் தந்தேயாக வேண்டிய பேரிடர்த் தொகையின் பங்கு! அப்பங்கையும் ஏதோ கொடை போலவே அறிவித்தனர். ஆகவே, நிவாரண மனப்பான்மை மேலிருந்து கீழே வழிகின்றது என்க. தில்லி தமிழ்நாட்டுக்குச் செய்வதையே, தமிழ்நாட்டரசு அளத்துக்காரனுக்குச் செய்கின்றது.

கொடுப்பது ஈகையா, பழங்கடனைத் தீர்ப்பதா என்னும் இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1865 சனவரியில், விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளுக்குக் கடலோர நிலங்களைப் பகிர்ந்தளிக்கப் படைத்தலைவர் செர்மன் ஆணையிட்டார். அவ்வாண்டு முடியுமுன் குடியரசுத் தலைவர் சான்சன் அந்நிலங்களைப் பழைய ஆண்டைகளுக்கே திருப்பினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2021 மார்ச்சில், இல்லினாய்சு மாநிலத்து இவான்சுடன் என்னும் சிறு நகரின் மன்றம் ஒரு முடிவெடுத்தது: 1919-க்கும் 1969-க்கும் இடையே அந்நகரில் வீட்டுரிமையில் வஞ்சிக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கும் அவர்தம் வழியினர்க்கும் ஆளுக்கு 25,000 தாலர். முதலில் 16 பேர்க்கு மட்டுமே போதிய தொகை, மெல்லத்தான் நடந்தது, அப்பணமும் கஞ்சா விற்பனை வரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது வேறு செய்தி. ஆனால் அவர்கள் அதற்கு இட்ட பெயர் இழப்பீடு. "நாங்கள் இரங்கினோம்" என்று கூறவில்லை. "நாங்கள் பறித்தோம், திருப்புகின்றோம்" என்று கூறினர். நிறத்தால் ஒடுக்கியவரின் நாட்டில், ஒரு சிற்றூர்க்கு வந்த இத்துணிவு, பிறப்பால் ஒடுக்கும் நம் நாட்டில் ஒரு பேரரசுக்கு வரவில்லை.

மழைக்காலப் பணத்தின் உண்மையான போர்க்களம் எது என்பதை நாம் மறந்துவிடலாகாது. உப்பளங்களில் முன்பணம் என்பது பழகிப்போன வழக்கம். அடைமழையில் அரிசிக்கு வழியின்றிக் குத்தகைக்காரரிடமோ கணக்கரிடமோ கை நீட்டிப் பெறுவதே அது. பெற்றவர் தை பிறந்ததும் அவ்வளத்திலேயே இறங்கியாக வேண்டும். கூலி கூடக் கேட்க வாய் எழாது. வேறிடம் போகக் கால் எழாது. கோடையிற் கழித்தது போக மீந்த கடன் மறு மழைக்குத் தொடரும். விலங்கு காலில் இல்லை, ஏட்டில் இருக்கின்றது. அரசு தரும் தொகை இம்முன்பணத்திற்கு முன்னே வந்துசேர்ந்தால் அது விலங்கை அறுக்கும் அரம். பின்னே வந்தால், முன்பணம் தந்தவரின் கைக்கே நேரே போய்ச்சேரும் வட்டி. ஐயாயிரமா பத்தாயிரமா என்பதற்கு நிகராக, எந்த நாளில் என்பதும் வழக்கின் உயிர்நிலை.

"பணம் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பர்" என்று முகஞ்சுளிப்போர் உளர். 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பதின்மர்க்கு மேல் மாண்டதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். மாண்டார் குடும்பங்களுக்கு அன்று அரசு தந்தது தலைக்கு 10 இலக்கம். மருத்துவமனையிற் கிடந்தோர்க்கு 50,000. கைம்பெண்ணும் குழந்தைகளும் என்ன குற்றம் செய்தனர்? கொடுத்தது முறையே. ஆனால் எண்ணிப் பாருங்கள் தமிழர்களே! இக்கடற்கரையில் செத்தால் பத்திலக்கம். உயிரோடிருந்து உப்பு வாரினால் ஐயாயிரம். வாழ்பவனுக்குக் கொடுக்க மனமில்லாத கருவூலம், பிணத்துக்கு முன்னே மட்டும் தாராளமாய்த் திறக்கின்றது. ஒன்பது திங்கள் வெயிலில் உழைத்தவனைப் பார்த்துச் சோம்பேறியாகிவிடுவான் என்று கூறுகின்ற வாய், மூன்று வேளையும் அவன் உப்பைத் தின்கின்ற வாய்தானே?

வேண்டுவனவற்றை மழுப்பாமற் கூறுவோம். தொகைக்கு 'அளத்தார் மழைக்கால உரிமைத்தொகை' என்று பெயரிடுக. தடைக்காலத்து மீனவர்க்குத் தரும் நாட்கணக்கிற்குக் குறையாமல் 92 நாளுக்கும் கணக்கிடுக. 61-க்கு எண்ணாயிரம் எனின் 92-க்குப் பன்னீராயிரத்துக்கு மேல் வரும். ஐப்பசி பிறக்குமுன், குடும்பத்துப் பெண்ணின் வங்கிக் கணக்கிற் செலுத்துக. குத்தகைக்காரரின் சான்றைக் கேளாதீர். அவரே முன்பணம் தருபவர், அவரே சான்றும் தருபவர் என்றால் தொழிலாளியின் கழுத்துக்கு இரட்டைக் கயிறு. வாரியத்திற் பதிவில்லாதோரை, அதிலும் தன் பெயர் எவ்வேட்டிலும் ஏறாத கூடை சுமக்கும் பெண்டிரை, ஊர்மன்றத்தில் எழுந்து நின்று அளத்துத் தோழர் இருவர் கூறும் சொல்லைக் கொண்டே சேர்த்துக்கொள்க. புயல் இழப்புப் பட்டியலில் உப்புக்கும் அதை வாரும் கைக்கும் ஒரு வரி எழுதுக. உப்பையும் உப்பு நிலத்தையும் தமிழ்நாட்டுக்கு மாற்றித்தரச் சட்டமன்றத்தில் முடிவு நிறைவேற்றித் தில்லிக்கு விடுக்குக. அந்நிலம் வந்தால் குத்தகை முதலில் அளத்தார் கூட்டுறவுகளுக்கே.

நம் இயக்க அன்பர்கள் ஒன்று செய்யலாம். திண்டிவனம், மரக்காணம் பகுதியிலுள்ளோர் புரட்டாசிக்குள் அளங்களுக்குச் சென்று, பதிவில்லாதோர் பெயர்களைத் தெருத்தெருவாய்த் தொகுத்து, இரண்டு படி எழுதி, ஒன்றை மாவட்ட ஆட்சியரிடம் நேரிற் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்க. விண்ணப்பத்தில் 'நிவாரணம்' என்னும் சொல்லை எழுதாதீர்கள். அலுவலர் அச்சொல்லை எழுதச் சொன்னால், 'உரிமைத்தொகை' என்னும் சொல் அரசே எழுதிய சொல்தான் என்று 2023-இன் அறிவிப்பை எடுத்துக் காட்டுங்கள்.