யாருடைய பத்துக் கதைகள்?

மாணவத் தோழர் ஒருவர் வந்து கேட்டார்: "தோழர், வாசிப்பு வட்டத்துக்கு அமெரிக்கச் சிறுகதைகள்ல முக்கியமானதா பத்து பொறுக்கிக் கொடுங்க." பணம் கட்டும் சலானின் பின்பக்கத்தில் பத்தே நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். இர்விங், ஹாதோர்ன், போ, மெல்வில், ட்வைன், ஓ ஹென்றி, ஜாக் லண்டன், ஹெமிங்வே, ஃபாக்னர், ஷெர்லி ஜாக்சன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஒருத்தர்கூட கறுப்பர் இல்லியே?"

வெட்கமாகிப் போனது. மேடைக்கு மேடை விளிம்பு, விளிம்பு என்று கத்துகிறவன் நான். என் கையோ கல்லூரிப் பாடப்புத்தகத்தை அப்படியே பிரதி எடுத்திருக்கிறது. யாரும் மிரட்டவில்லை. கலாச்சார மேலாண்மை இப்படித்தான் வேலை செய்கிறது.

'காலத்தை வென்ற கதை' என்கிறார்கள். காலம் யார்? தொகுப்பாசிரியரும் பாடத்திட்டக் குழுவும் மறுபதிப்புப் போடும் முதலாளியும்தான்.

1926இல் நியூயார்க்கில் கறுப்பின இளைஞர்கள் 'ஃபயர்' என்றொரு சிற்றிதழ் கொண்டுவந்தார்கள். காசில்லாமல் ஒரே இதழோடு நின்றுபோனது. விற்காத பிரதிகள் பல தீவிபத்தில் எரிந்தன. அதில்தான் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் 'வியர்வை' வந்தது. வெள்ளைக்காரர் துணி வெளுத்துப் பிழைக்கும் டீலியா, அவள் சம்பாத்தியத்தில் தின்று அவளையே அடிக்கும் புருஷன், துணிக்கூடைக்குள் ஒரு பாம்பு. ஒடுக்கப்பட்டவன் வீட்டுக்குள் யாரை ஒடுக்குகிறான் என்று கேட்ட கதை. நமக்கும் உறைக்க வேண்டிய கேள்வி. 1960இல் வறுமையில் செத்த ஹர்ஸ்டனின் புதைகுழிக்கு அடையாளம்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கல் நாட்டினார். அவரை மீட்டது காலமல்ல; இன்னொரு கறுப்புப் பெண்.

1887இல் சார்லஸ் செஸ்நட் எழுதிய 'சூனியம் வைத்த திராட்சைக் கொடி'யை எடுங்கள். கொடி தளிர்க்கும்போது அடிமை ஹென்றியும் இளைஞனாகிறான். கொடி வாடினால் அவனும் வாடுகிறான். எஜமான் வசந்தத்தில் நல்ல விலைக்கு விற்கிறான், வாடியதும் அடிமாட்டு விலைக்குத் திரும்ப வாங்குகிறான். மறுவருஷமும் அதே வியாபாரம். நாள் முழுக்கப் பேரேடு பார்க்கிறவன் நான். மனுஷ உடம்பு கணக்கில் ஏறுவதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதையை வேறெங்கும் படித்ததில்லை.

அதற்காக மெல்வில்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1853இல் வந்த 'பார்ட்டில்பி'யில் ஒரு குமாஸ்தா மரியாதையாகவே வேலை செய்ய மறுத்துவிடுகிறான். எந்தக் குமாஸ்தாவுக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த வருஷம் அமெரிக்காவின் தெற்கில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. பார்ட்டில்பி மறுக்கலாம், ஹென்றி மறுக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போதுதான் அமெரிக்கா தெரிகிறது. ஒன்றை மட்டும் உன்னதம் என்று காட்டுவது பாதிக் கணக்கு. பாதிக் கணக்கு பொய்க் கணக்கு.

சலானை வாங்கி இர்விங், லண்டன், ஹெமிங்வே மூவரையும் அடித்தேன். செஸ்நட், ஹர்ஸ்டன், 1957இல் 'சன்னியின் ப்ளூஸ்' எழுதிய ஜேம்ஸ் பால்ட்வின் என்று எழுதினேன்.

"இதையும் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் ஒத்துக்குவோம் தோழர்" என்றார். அப்படித்தான் இருக்கணும்.