சிறுத்தைப்பல்லிக்கு ஈரமண் வேண்டும்

பல்லியை விரும்பி வளர்ப்போரும் உளர் என்றால், சுவரிலுள்ளதைத் துடைப்பத்தால் விரட்டிப் பழகிய நம்மவர்க்கு அது நகைப்பாகவே தோன்றும். ஆயினும் ஆப்கானிஸ்தானம், பாக்கிஸ்தானம், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய வறண்ட நிலங்களுக்குரிய சிறுத்தைப்பல்லி இன்று மேனாட்டு இல்லங்கள் பலவற்றிற் கண்ணாடிப் பெட்டிக்குள் வாழ்ந்துவருகின்றது. மஞ்சள்மேனியிற் கரும்புள்ளி செறிந்தமையால் இப்பெயர். இதனை வளர்ப்போரிற் பலர் உணவிலும் வெப்பத்திலும் கருத்தூன்றி, முட்டையிடுதற்கு ஓரிடம் வேண்டுமென்பதை மறந்துவிடுகின்றனர். அம்மறதி சிறு பிழையன்று என்பதே எமது கருத்து.

“நம் வீட்டுப்பல்லிக்கு இடம் அமைத்துக் கொடுத்தார் யார்? படத்தின் பின்னும் புத்தக அடுக்கிலும் அது தானே இட்டுச் செல்லவில்லையா?” என வினவலாம். வினா நியாயமானதே. விடை முட்டையோட்டில் இருக்கின்றது. சுவர்ப்பல்லியின் முட்டை வெளிவருங்கால் மென்மையாயிருந்து, காற்றுப் பட்டதும் சுண்ணாம்போடாக இறுகிவிடும். உள்ளீரம் எளிதில் வெளியேறாது. ஆதலின் காய்ந்த பலகையும் அதற்குப் போதும். சிறுத்தைப்பல்லியும் ஒருமுறைக்குப் பெரும்பாலும் இரண்டே இடும். ஆனால் அவை தோல்போன்ற உறையுடையன. மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பன. உலர்மணலிற் கிடப்பின் குழிந்து சுருங்கிவிடும். நாள் நெருங்குங்கால் தாய் உணவைக் குறைத்து, இரவெல்லாம் மூலைமூலையாகத் தோண்டிப் பார்க்கும். ஏற்ற இடம் அகப்படாவிடின் முட்டைகளை வயிற்றிலேயே தாங்கி நிற்பதுமுண்டு. அது நீடித்தால் உயிருக்கே கேடு.

அங்ஙனம் ஒன்று மாண்டதை யாம் கண்டிருக்கின்றோம். வளர்த்தவர் அன்பில்லாதவரல்லர், நாள்தோறும் தம் கையாலேயே வெட்டுக்கிளி ஊட்டியவர். வயிற்றுத்தோலினூடே இரு முட்டைகள் வெண்மையாய்த் தெரிவதை எமக்குப் பெருமையுடன் காட்டினார். பெட்டியின் அடியிற் காகிதமே விரித்திருந்தார். பல்லி ஐந்திரவு அதனைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. “ஆண் துணை இல்லையே, இவை பொரியப்போவதில்லை, கவலை எதற்கு?” என்றார். கருவுறா முட்டையாயினும் வெளிவந்தாகவேண்டும் என்பதை அவரும் யாமும் அன்று அறிந்திலோம்.

வேண்டுவது யாது? மூடியுள்ள ஒரு டப்பா. அதன் பக்கத்தில் பல்லி நுழையுமளவு துளை. உள்ளே பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் தென்னைநார்த்தூள். அவ்வளவே. பெட்டைப்பல்லி வீட்டிற்கு வருமுன்னரே இது அமைந்திருத்தல் வேண்டும். இதற்கும் பொழுதில்லாதார் ஆணையே வளர்ப்பாராக.

குஞ்சு வேண்டுவோர் முட்டையின் மேற்புறத்திற் பென்சிலாற் குறியிட்டு, புரட்டாமல் எடுத்துவைத்தல் வேண்டும். கோழிமுட்டையைப்போல் திருப்பினால் உறையோடு ஒட்டிய கரு அழிந்துபோம். பிறப்பது ஆணோ பெண்ணோ என்பதையும் வெப்பமே தீர்மானிக்கின்றது: 26 பாகை சென்டிகிரேடில் பெரும்பாலும் பெண், 32 பாகையளவில் ஆண் மிகும், 34 பாகைக்கு ஏறினால் மீண்டும் பெண்ணே மிகும்.

எம் நண்பர் மறுபடியும் ஒரு பல்லி வளர்க்கின்றார். பல்லி ஒன்றே, ஈரமண் டப்பா மூன்று.