செகண்ட் ஹேண்ட் செக்லிஸ்ட்: ஃப்ரேம் கடை மெஷின் வாங்கப் போறீங்களா? நாலாவது மூலையைப் பாருங்க!

பழைய பைக், பழைய லேப்டாப் வாங்க ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். படத்துக்குக் கண்ணாடி போடும் மெஷினைப் பழசாக வாங்கப் போனால் சொல்வதற்கு ஆள் கிடைக்காது. இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம்.

'எல்லா போட்டோவும் போன்லயே இருக்கு, இனி யாருங்க ஃப்ரேம் போடுவாங்க?' என்று கேட்கலாம். கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் சாமி படங்கள் காலண்டரில் வந்த காலத்தில், வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்ட வீடுகள் ஏராளம். அந்தக் கூட்டம் இன்று குறைந்துவிட்டது. ஆனால் கல்யாண போட்டோ, பூஜையறைப் படம், காலமான தாத்தாவின் படம் என்று வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது. காரைக்கால் பக்கம் சொல்லவே வேண்டாம். ஊருக்குள் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா, தெற்கே நாகூர் தர்கா, அதைத் தாண்டி வேளாங்கண்ணி.

நெரவியில் ஒருவர் சின்னதாக ஃப்ரேம் கடை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது நகையை அடகு வைத்த பணம். மூடப்போகும் கடைக்காரர் ஒருவர், 'மொத்தமா எடுத்துக்கோங்க தம்பி, விலையைப் பார்த்துப் போட்டுத் தர்றேன்' என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

முதல் சோதனை: நாலு துண்டு

பெயின்ட் பளபளப்பை விடுங்கள். சோதனைக்கு உங்கள் சொந்த மோல்டிங் குச்சி ஒன்றை எடுத்துப் போங்கள், அகலமானதாக. அவர் மெஷினில் நாலு துண்டு வெட்டச் சொல்லுங்கள். எதிரெதிர்த் துண்டுகள் ஒரே நீளம் இருக்க வேண்டும். அவற்றைத் தட்டையான கண்ணாடி மேல் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு முனையும் 45 டிகிரி இருக்க வேண்டும். அரை டிகிரி குறைந்தால் என்ன ஆகும்? ஒரு மூலைக்கு இரண்டு வெட்டு, ஆக 1 டிகிரி குறையும். நாலு மூலைக்கு 4 டிகிரி. மூன்று மூலைகளை இறுக்கிச் சேர்த்தால், அத்தனை பிசகும் நாலாவது மூலையில் வாய் பிளந்து நிற்கும். மூன்று மூலையைக் காட்டி மெஷினை விற்றுவிட முடியும், நாலாவதைக் காட்டி முடியாது.

பிசகு தெரிந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மெஷினில் கோணத்தைத் திருத்தும் ஸ்க்ரூ இருந்தால் சரிசெய்து மறுபடி வெட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இடைவெளி இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

மெஷின் வாரியாக

* காலால் மிதிக்கும் கட்டிங் மெஷின்: ஆங்கில 'வி' போல இரண்டு பிளேடு இருக்கும். ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் பிளேடு தேயும். இன்னும் எத்தனை முறை தாங்கும், மாற்று ஜோடி உண்டா, எங்கே சாணை பிடித்தார் என்று கேளுங்கள். கோணம் தெரியாதவரிடம் கொடுத்தால் பிளேடே வீண். விரலைக் காக்கும் கார்டு இல்லாத மெஷினைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, இது மரத்துக்கு அருமையான மெஷின். இன்று அதிகம் ஓடும் சிந்தெடிக் மோல்டிங்கில் விரிசல் விட வாய்ப்புண்டு. அதற்கு ரம்பம் சுற்றும் எலெக்ட்ரிக் மெஷின்தான் பொருத்தம்.

* மூலை சேர்க்கும் மெஷின்: கீழிருந்து வி-நெயில் அடிக்கும். எந்த அளவு ஆணி ஏற்கும், அந்த ஆணி இப்போதும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஆணி கிடைக்காத மெஷின் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

* கம்ப்ரஸர்: காற்றில் ஓடும் மெஷின் என்றால் கூடவே இதையும் தள்ளப் பார்ப்பார்கள். டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பாருங்கள். துருத் தண்ணீர் கொட்டினால் வேண்டாம். உள்ளே அரித்த டேங்க் வெடிக்கக்கூடும். கடல் காற்று படும் ஊரில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

* மோட்டார்: த்ரீ ஃபேஸா, சிங்கிள் ஃபேஸா? உங்கள் கடை இணைப்பு எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

* கண்ணாடி வெட்டும் கட்டர்: புதிதாகவே வாங்குங்கள். விலை குறைவு, தேய்ந்த சக்கரத்தால் உடையும் கண்ணாடியின் நஷ்டம் அதிகம்.

ஓசி ஸ்டாக்கில் உஷார்

'இந்த மோல்டிங்கையும் சேர்த்துக்கோங்க' என்றால் கணக்குப் போடுங்கள். 12-க்கு 18 இன்ச் படத்தின் சுற்றளவு 60 இன்ச். ஒரு இன்ச் அகல மோல்டிங் என்றால், மூலை வெட்டுக்காக இன்னும் 8 இன்ச் சேர்த்து 68 இன்ச் வேண்டும். 9 அடிக் குச்சியில் ஒரு ஃப்ரேம் போக மீதி 40 இன்ச். அதில் இதே அளவில் இன்னொன்று வராது. ஒரே டிசைனில் ஒற்றைக் குச்சிகளாக இருக்கும் ஸ்டாக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். மரக்குச்சியில் பொடிப்பொடியாகத் துளை இருந்தால் இலவசமாகவும் வேண்டாம். பூச்சி உங்கள் கடைக்கும் வரும்.

விலையும் பில்லும்

புது மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிவிட்டுப் பேரத்தில் உட்காருங்கள். பிளேடு, பழுது, வண்டி வாடகையைக் கழித்தபிறகும் லாபமாகத் தெரிந்தால்தான் பழசு. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. பழைய மெஷினுக்குக் கடன் தருவார்களா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

காரைக்கால்காரர்களுக்கு ஒரு கூடுதல் கவனம். நாகூர் பக்கத்து ஊர்தான், ஆனால் தமிழ்நாடு. ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரியிடம் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் இ-வே பில் கேட்டு வாங்குங்கள்.

பேரத்தில் கேட்க மறக்காதீர்கள்

மெஷினோடு சேர்த்து விற்பவரின் இரண்டு நாள் நேரத்தையும் கேளுங்கள். பக்கத்தில் நின்று பத்து ஃப்ரேம் போடுங்கள். போட்டோ நேராகக் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவே மவுன்ட் அட்டை வைப்பது எப்படி என்று பாருங்கள். கண்ணாடியைத் தொட்டபடி இருக்கும் போட்டோ ஈரக்காற்றில் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமே உரிந்து வரும். உங்களிடம் வரும் தாத்தா படத்துக்கு வேறு காப்பி இல்லாமல் போகலாம். பல வருஷம் கடை நடத்தியவருக்கு இந்த ஜாக்கிரதை கையிலேயே இருக்கும். கடையை மூடும் முன் அதையும் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அடுத்த வாரம்: பழைய தையல் மெஷின்.