காற்றுக் கசிவும் காரணம் நாடலும்

பழுதுற்ற உறுப்பை மாற்றுதல் எளிது. பழுதுற்றது எதுவென்று அறிதலே அரிது. மோட்டார் வண்டிகளைச் செப்பனிடும் தொழிலில் இவ்வுண்மை நாடோறும் விளங்கக் காணலாம். டர்போ பூட்டிய வண்டியொன்று முன்போல் மேடு ஏறவில்லை, வேகங்கொள்ளுங்கால் மூச்சுத் திணறுகின்றது, கரும்புகை கக்குகின்றது என்று உடையவர் முறையிட்ட மாத்திரத்தே, 'டர்போ போய்விட்டது' எனத் தீர்ப்புக் கூறிவிடும் வழக்கம் பட்டறைகள் சிலவற்றில் உண்டு. பல்லாயிரம் ரூபாய் பெறும் உறுப்புக் கழற்றப்படுகின்றது, புதியது ஏறுகின்றது, சின்னாளிற் பழைய குறையே மீண்டும் தலைகாட்டுகின்றது. காற்றுக் குழாய்களை அமுக்கமேற்றிச் சோதித்து, கசிவு இல்லையெனத் தெளிந்த பின்னரன்றி எவ்வுறுப்பையும் மாற்றலாகாது என்பதே யாம் ஈண்டு வற்புறுத்தக் கருதியது.

டர்போ என்பதன் தொழிலை முதற்கண் சுருங்கக் கூறுவாம். எஞ்சின் மிகுதியாக எரிபொருளை எரித்து வலிமை பெற வேண்டுமாயின், அதற்கேற்ற காற்றும் மிகுதியாக வேண்டும். வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தாற் புறக்காற்றை நெருக்கி எஞ்சினுள் ஊட்டும் உபாயத்திற்கு, சுவிட்ஸர்லாந்து தேயத்து ஆல்பிரட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறிஞர் ஸான்போர்டு மாஸ் என்பார், கொலராடோ மாகாணத்தில் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு லிபர்ட்டி என்னும் விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டுசென்று சோதித்தார். கடல்மட்டத்தில் 350 குதிரைவலி தந்த எஞ்சின், மெலிந்த மலைக்காற்றில் 230 அளவே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. காற்றின் பெருமையை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல சான்று யாது?

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர், செவர்லே கார்வெயர் மான்ஸா ஸ்பைடர் என்னும் இரு வண்டிகள் டர்போவுடன் விற்பனைக்கு வந்தன. இன்று நம் நாட்டிலும், நீளம் 4 மீட்டருக்கும் பெட்ரோல் எஞ்சின் 1200 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத சிறு வண்டிகட்கு வரி குறைவாதலின், சிற்றெஞ்சினில் டர்போ பூட்டி வலிமை பெறும் முறை பரவியுள்ளது. ஆகவே இது பந்தய வண்டிக்காரர்க்கு மட்டும் உரிய பொருளன்று.

நெருக்குண்ட காற்று சூடேறும். அதனை இன்டர்கூலர் குளிர்விக்கும். பின்னர்த் திராட்டில் வாயிலைக் கடந்து அக்காற்று எஞ்சினைச் சேரும். இவ்வழி நெடுகிலும் ரப்பர்க் குழாய்களும், பிளாஸ்டிக் குழாய்களும், அவற்றை இறுக்கும் கிளிப்புகளும், இணைப்புகளில் ரப்பர் வளையங்களும் உள. வெப்பமும் எண்ணெய்ப் பசையும் ஓயாத அதிர்ச்சியும் இவற்றை நாளடைவில் தளர்த்தும். கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு 14.7 இராத்தல், பட்டறையிற் பி.எஸ்.ஐ. என வழங்குவது இவ்வளவையே. அதன்மேல் டர்போ இன்னும் 15 இராத்தல் ஏற்றுமாயின், குழாயினுள் அமுக்கம் ஏறக்குறைய இருமடங்காகும். அந்நிலையில் நூலிழை போன்ற வெடிப்பும் வாய் திறக்கும்.

கசிவின் வஞ்சனை யாதெனின், அது வேலையின்போது தோன்றி, ஓய்வின்போது ஒளிந்து கொள்வதேயாம். வண்டி நின்றவாறு எஞ்சின் மெல்ல ஓடுங்கால், டர்போவுக்கும் திராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயில் அமுக்கம் புறக்காற்றினின்றும் பெரிதும் வேறுபடுவதில்லை; எனவே கசிவும் புலப்படாது. திராட்டிலுக்கு அப்பாலுள்ள துளையோ, பெட்ரோல் வண்டியில், அப்பொழுது காற்றை வெளிவிடாது உள்ளே உறிஞ்சும். பாரத்தில் வெளியே தள்ளும். ஒரே துளை இருவேறு குணங்காட்டுமாயின், மூடியைத் திறந்து ஒரு நோட்டம் விட்டு 'யாவும் சரி' என்பார் சொல்லை எங்ஙனம் நம்புவது?

குழாயிற் காற்று ஒழுகுங்கால், எஞ்சினை ஆளும் கணினி அமுக்கம் போதாமையை உணர்ந்து, டர்போவை மேலும் விரைவாகச் சுழலச் செய்கின்றது. நிமிஷத்திற்கு இலட்சத்திற்கு மேற்பட்ட சுற்றுகள் சுழலும் சக்கரம் அது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்ப முயல்வான் போல் அது ஓயாது உழைத்துச் சூடேறுகின்றது. ஆகவே கசிவுள்ள வண்டியில் டர்போ குற்றவாளியன்று. பிறர் குற்றத்தைச் சுமக்கும் அப்பாவியே. கசிவை நீக்காது டர்போவை மட்டும் மாற்றினால், புதியதும் அதே பாட்டைப் படும்.

'கணினியே குறையைச் சொல்லிவிடுகின்றதே, சோதனை எதற்கு?' என்பர் சிலர். பி 0299 என்னும் குறியீடு, வேண்டிய அமுக்கம் கிட்டவில்லை என்னும் அளவே கூறும். எதனாற் கிட்டவில்லை என்று கூறாது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், புகையைப் புறவழியே விடும் வேஸ்ட்கேட் மூடாது நிற்கலாம், புகைக்குழாய் அடைபட்டிருக்கலாம், கிளிப்பு ஒன்று தளர்ந்திருக்கலாம். உடல் கொதிக்கின்றது என்று வெப்பமானி காட்டுவதனால் நோயின் காரணம் விளங்கிவிடுமோ?

இனிச் சோதனை முறையை நோக்குவாம். தெருமூலையிற் பஞ்சர் ஒட்டுவோர் இதனை நெடுங்காலமாகச் செய்து காட்டுகின்றனர். அவர் டியூபைக் கண்டவுடன் எறிந்துவிடுவதில்லை. காற்றடித்து நீர்த்தொட்டியில் அமிழ்த்துகின்றார். குமிழி எழும் இடத்தைக் குறிக்கின்றார். அவ்விடத்தை மட்டும் ஒட்டுகின்றார். டர்போ வண்டிக்கும் முறை இதுவே. எஞ்சினை நிறுத்திக் குளிரவிட்டு, டர்போவின் காற்று வாயிலில், டயர் வால்வு பொருத்திய மூடியொன்றை இறுகப் பூட்டுக. கம்ப்ரெஸர்க் காற்றை ரெகுலேட்டர் வழியே முதலில் 5 இராத்தலளவு ஏற்றிச் செவிகொடுத்துக் கேட்க. பின்னர் இணைப்புகளிற் சோப்பு நீர் தெளித்து நுரை பொங்குமிடத்தை நோக்குக. அதன்மேற் சிறிது சிறிதாக உயர்த்துக. அவ்வண்டி ஓட்டத்தில் இயல்பாகக் கொள்ளும் அமுக்கத்தை மிஞ்சலாகாது. குழாய்களின் அடிப்பக்கம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் முனைகள் உலோகத்தோடு பொருந்தும் இடம், மிகு காற்றை விடுக்கும் வால்வின் சவ்வு ஆகியவற்றை மறவாது பார்க்க. எண்ணெய்க் கசிவு ஈரமாய்ப் படிந்துள்ள இணைப்பு ஐயத்திற்குரியது.

இச்சோதனையில் எச்சரிக்கை வேண்டும். மூடியும் குழாயும் பிடுங்கிக்கொண்டு தெறிக்கக் கூடுமாதலின், அவற்றின் நேரே முகம் வைத்தல் கூடாது. எஞ்சின் அறையின் ஆவியைக் காற்றுவழிக்குக் கொணரும் சிறுகுழலை அடைக்காது விடின், அமுக்கம் எஞ்சினுட் புகுந்து எண்ணெய் ஸீல்களைக் கெடுத்தல் கூடும். திறந்திருக்கும் வால்வுகளின் வழியே சிறிது காற்றுச் சைலென்ஸரை அடைதல் இயல்பு. அதனைக் கசிவென்று மயங்கற்க. புகை செலுத்திப் பார்க்கும் முறையும் நன்றே. ஆயினும் பெரும்பாலும் அது மிகக் குறைந்த அமுக்கத்திற் செய்யப்படுதலின், பாரத்தில் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு அதற்குத் தப்பிவிடும். சோதனையிற் கசிவொன்றும் இல்லையெனத் தெரியின், அதுவும் இழப்பன்று. பிற காரணங்களைத் தேடுதற்கு வழி திறந்தது என்க.

இத்துணை எளிய முறை ஏன் பலவிடத்தும் கைவிடப்படுகின்றது? பழியைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் ஏற்றுதல் நடுநிலையாகாது. புதிய உறுப்பிற்கு விலை கேட்டால் வண்டியுடையார் மறுக்காது கொடுக்கின்றனர்; ஒரு மணி நேரம் தேடியதற்குக் கூலி கேட்டால், 'ஒன்றையும் மாற்றவில்லையே, பணம் எதற்கு?' என்று வாதிடுகின்றனர். கைக்கு எட்டும் பொருளுக்கு விலையுண்டு, அறிவுக்கு விலையில்லை என்று கருதும் இம்மனப்பான்மையே ஊகத்தை வளர்க்கின்றது. தேடிக் கண்டு, சிறு விலைக் கிளிப்பினாற் குறை தீர்த்தவன் நட்டமடைய, தேடாது பெரும் பொருளை விற்றவன் இலாபமடைவானாயின், நேர்மையாக உழைக்க எவன் முன்வருவான்?

மாணவ நண்பர்காள்! விஞ்ஞானச் சாலையில் நீவிர் நாடோறும் பயில்வது, ஊகித்ததைச் சோதித்தறியும் ஒழுக்கமேயன்றோ? அவ்வொழுக்கம் சாலையின் வாயிலோடு நின்றுவிடலாகாது. வண்டியுடைய பழைய மாணவர்களும் ஆசிரியர்களும், அடுத்தமுறை எவரேனும் 'டர்போவை மாற்ற வேண்டும்' எனின், 'அமுக்கமேற்றிச் சோதித்தீரா? கசிவு எங்கே? காட்டுக' என்று அமைதியாக வினவுக. காட்டியவர்க்கு, மாற்றியது ஒரு சிறு கிளிப்பே ஆயினும், தேடிய உழைப்பின் கூலியை முகமலர்ந்து கொடுக்க. வினவுவாரும் கொடுப்பாரும் பெருகின், சோதிப்பாரும் தாமே பெருகுவர்.