வென்றவரை வினவலாமா?

கால்பந்தோ, கபடியோ, கிரிக்கெட்டோ எதுவாயினும், ஆட்டம் முடிந்தபின் நடக்கும் இரண்டாவது ஆட்டம் ஒன்று உண்டு. அது தேநீர்க்கடை வாசலில் நடப்பது. அதில் நடுவர் கிடையாது, ஊதல் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. “அவனை ஏன் இறக்கினார்? இவனை ஏன் உட்கார வைத்தார்?” என்று பயிற்சியாளரைக் கூண்டில் ஏற்றுவோம். ஆனால் அவர் வென்றவராயிருந்தால் வழக்கு உடனே தள்ளுபடி! “கோப்பை கொண்டுவந்தவரைக் கேள்வி கேட்க நீ யார்?” என்பர். இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை.

இந்தியக் கால்பந்தின் மாபெரும் பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்தைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியராயிருந்தவர். 1951ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். அவருக்குப்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் தங்கம் கண்டதில்லை. 2024இல் வெளிவந்த ‘மைதான்’ இந்தித் திரைப்படத்தால் இன்றைய மாணவரும் அவரை அறிவர். இவரைவிட வெற்றி பெற்ற ஒருவரை எடுத்துக்கொண்டு வாதிட முடியாது. ஆகவே இவரையே எடுத்துக்கொள்கிறேன்.

ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றோம். அடுத்துத் தாய்லாந்தை 4–1 என வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் நமது தடுப்பரண் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பிறர் என்ன செய்திருப்பர்? ஓய்வு கொடுத்திருப்பர். ரகீமோ அரையிறுதியில் அவரை மீண்டும் களமிறக்கினார். அதுவும் தடுப்பு வரிசையில் அன்று, முன்வரிசையில்! தென் வியட்நாமை 3–2 என வென்றோம். அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்தியரான ஜி.டி.சோந்தி கண்டித்திருந்ததால் அரங்கமே நம்மவர்க்கு எதிராகக் கூச்சலிட்டது. அன்று ரகீம் இன்னொரு முடிவும் எடுத்தார். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்த இளைஞர் பிரத்யுத் பர்மனை வெளியே வைத்துவிட்டு, காய்ச்சலால் தளர்ந்திருந்த பீட்டர் தங்கராஜை நிறுத்தினார். பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2–1 என வெற்றி.

இரண்டு ஆட்டமும் ஒரே கோல் வித்தியாசத்தில் முடிந்தவை. இரண்டிலும் தலைக்காயத்துடன் ஆடியவர் ஒரு கோல் அடித்திருக்கிறார். ‘இதற்குமேல் என்ன வாதம்?’ எனலாம். ஆனால் அந்தக் கோல்கள் விழாமற் போயிருந்தால் இதே முடிவை நாம் மடமை என்றிருப்போம் அன்றோ? சென்னையின் அணிக்கு 2018இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்று தந்த ஜான் கிரிகரி, அடுத்த பருவத்திலேயே அணி கடைசி இடத்துக்கு இறங்கக் கண்டார். 2019 நவம்பரில் விடைபெற்றார். ஓராண்டில் மேதை ஒருவர் பேதையாகிவிட முடியுமா? மாறியது அட்டவணைதான்.

எனவே முடிவை அது எடுக்கப்பட்ட நேரத்தில் வைத்தே எடைபோட வேண்டும். தங்கராஜ் விஷயத்தில் நான் ரகீம் பக்கம். உயரமும் அனுபவமும் நிறைந்த கோல்காப்பாளர் அவர். உயரப் பந்துகள் பறந்துவரும் இறுதியாட்டத்தில் அந்தக் கணக்குக்குக் காரணம் இருந்தது. ஜர்னைல் விஷயத்தில் என் மனம் ஒப்பவில்லை. தலையில் தையலுடன் இருப்பவரைப் பந்தைத் தலையால் முட்டும் இடத்தில் நிறுத்துவது ஆட்டக் கணக்கில் துணிவு. மனிதக் கணக்கில் வேறு. அவரே விரும்பித்தான் ஆடினார் என்று வாதிடுவோர் உண்டு. நாட்டின் சட்டையை அணிந்தவன் ‘எனக்கு வலிக்கிறது’ என்று பயிற்சியாளரிடம் எளிதில் சொல்வானா? உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர் முறை 1970இல்தான் வந்தது. ஆகவே அந்நாளில் காயமுற்றவர்கள் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினர். இன்று மூளை அதிர்ச்சி என்று ஐயம் தோன்றினால் அதற்கெனத் தனி மாற்று ஆட்டக்காரரை இறக்கவே கால்பந்து விதிகளில் இடமுண்டு. அன்று கிடைத்த தங்கம் அந்தக் கேள்வியை மூடிவைத்தது; தீர்த்துவைக்கவில்லை.

ரகீமிடமே கேட்டிருக்கலாம், ஆனால் 1963 ஜூனில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வைத்தார். யாரைத் தேர்வது என்பதைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். தேரப்படாத பர்மனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் கல்லூரிகளிலும் இதே கதைதான். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஒருநாளும் தவறாமல் வந்தவன் மண்டலப் போட்டிக்கு முன்தினம் அறிவிப்புப் பலகையில் தன் பெயரைத் தேடி நிற்கிறான். பெயர் இல்லை, காரணமும் இல்லை. ‘வெற்றி முக்கியம்’ என்கிறார்கள். முக்கியந்தான். ஆனால் அந்தப் பட்டியலை ஒட்டுமுன், விடுபட்டவனைத் தனியே அழைத்து, ஏன் விடுபட்டான் என்று ஐந்து நிமிடம் பேச எந்த விதியும் தடையில்லை. இவ்வாண்டு அணித் தேர்வின்போதே விளையாட்டுத் துறையினர் இதைத் தொடங்கலாம்.