கை கூடிவிட்டது, எலும்பு?

கேள்வி: என் தாயாருக்கு 58 வயது. ஈரமாக இருந்த மாட்டுக் கொட்டகையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு எலும்பு கூடிவிட்டது. இரத்தத்தில் கால்சியம் அளவும் சரியாக இருக்கிறது. இனிக் கவலை இல்லையா?
- வாசகர், திருச்செங்கோடு வட்டம்

பதில்: எலும்பு கூடியது நல்லது. ஆனால் அது ஏன் முறிந்தது என்று இன்னும் பார்க்கவில்லை. உங்கள் தாயார் பரணிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்திருக்கிறார். 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு அப்படி விழுந்து எலும்பு முறிந்தால், எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை இப்படி மணிக்கட்டு முறிந்தவருக்குப் பின்னால் முதுகெலும்போ இடுப்பெலும்போ முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இரத்தக் கால்சியத்தை வைத்து எலும்பை எடைபோட முடியாது. இரத்தத்தில் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிக்கொள்ளும். குதிரில் நெல் குறைந்துகொண்டே வந்தாலும் அடுப்பில் உலை கொதிக்கத்தானே செய்யும்! சாதாரண எக்ஸ்ரேயிலும் கணிசமான எலும்பு கரைந்த பிறகே தெரியும். மூட்டுத் தேய்மானம் என்பது வேறு, அது வலிக்கும். எலும்புப்புரை முறியும்வரை சத்தமே காட்டாது.

மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரையும். 45 வயதுக்கு முன்பே நின்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். கர்ப்பப்பையை எடுத்தபோது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பது ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடிப் பாருங்கள். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை அரிக்கும். அதற்காகத் தானாகத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. பெற்றோரில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மிக ஒல்லியான உடம்பு, புகைப்பழக்கம் ஆகியவையும் கணக்கில் வரும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது உயரம். இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பு வலியில்லாமலே நொறுங்கியிருக்கக்கூடும். பழைய அளவு தெரியாவிட்டால், முன்பு சரியாக இருந்த நைட்டி இப்போது தரையில் புரள்கிறதா என்று கவனியுங்கள்.

உறுதி செய்வது டெக்ஸா ஸ்கேன். இடுப்பிலும் கீழ்முதுகிலும் எடுப்பார்கள். ஊசி கிடையாது, சில நிமிட வேலை. முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் கருவி இதற்கு ஈடாகாது. சீட்டில் 'டி-ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. உங்கள் தாயாருக்கு இடைப்பட்ட எண் வந்தாலும் அதோடு திரும்பிவிடாதீர்கள். ஏற்கெனவே முறிந்திருப்பதையும் மற்ற காரணங்களையும் சேர்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் முறியும் வாய்ப்பு எவ்வளவு என்று 'ஃப்ராக்ஸ்' என்ற கணக்கில் மருத்துவர் பார்க்க முடியும். ஸ்கேன் வசதி இல்லாத ஊரிலும் இந்தக் கணக்கைப் போடலாம்.

கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. களியும் கூழும் தொடரட்டும். ஆனால் எலும்புப்புரை உறுதியானால் உணவும் கால்சியம் மாத்திரையும் மட்டும் போதாது, தனி மருந்து தேவைப்படும். இதற்கிடையில் கொட்டகைத் தரையைச் சொரசொரப்பாக்கி, சாணமும் மூத்திரமும் தேங்காமல் வாட்டம் கொடுத்துவிடுங்கள். விடியற்காலைப் பால் கறவைக்கு ஒரு விளக்கும் போடுங்கள்.