வேலை கொடுப்பவன் பணம் கேட்பானா?

வீட்டிலிருந்தே வேலை என்று கூறிப் பெண்களிடம் பணம் பறிக்கும் மோசடியைப் பற்றி நம் மிம்பர்களில் பேசப்படும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் வழங்கப்படுகிறது: பேராசைப்பட்டார்கள், ஏமாந்தார்கள். போதுமென்ற மனம் இருந்திருந்தால் இந்நிலை வந்திருக்குமா என்று ஒரு கேள்வியும் கேட்கப்படும். அத்துடன் பயான் முடிந்துவிடும். இத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இது பாதிக்கப்பட்டவர் மீது பழியைச் சுமத்துகிறது. மோசடிக்காரனைத் தப்பவிடுகிறது. அவனுடைய விளம்பரத்தை மஹல்லாக் குழுவில் கொண்டுவந்து போட்டவரைப் பற்றியோ வாயே திறப்பதில்லை.

யார் இந்தப் பேராசைக்காரர்கள்? கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளுடன் தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண். வளைகுடாவில் வேலை போய், அடுத்த விசாவுக்குக் காத்திருப்பவரின் மனைவி. பட்டம் பெற்றும் வெளியூர் வேலைக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத இளம்பெண். ஐந்தாண்டுகள் ஓதி ஸனது வாங்கிவிட்டு, ஓதிக்கொடுக்க இடமின்றி வீட்டிலிருக்கும் ஆலிமா. இவர்கள் தேடுவது மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய். அது பேராசை என்றால், மூன்று மாடி வீடு கட்டியிருக்கும் நம் ஜமாஅத் பெரியவர்களின் ஆசைக்கு என்ன பெயர் வைப்பது?

சம்பாதிக்க முற்படும் பெண் மார்க்கத்திற்குப் புதியவளும் அல்லள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, தம் கை உழைப்பின் வருவாயைத் தர்மம் செய்தவர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் தம் கைத்தொழில் வருவாயைக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டதும் ஹதீஸில் பதிவாகியுள்ளது. நம் தமிழகத்தையே பாருங்கள். மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியே எத்தனை தாய்மார்கள் மக்களைக் கரைசேர்த்தார்கள்! ஆம்பூர் வட்டாரத்தில் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுத்தவர்களும் வீட்டிலிருந்தேதான் தைத்தார்கள். (புகையிலைத் தொழிலின் மார்க்கத் தீர்ப்பு வேறு விவாதம். அதை இங்கே கலக்க வேண்டாம்.) அங்கும் சுரண்டல் இருந்தது. கட்டுகளைக் கழித்துக் கூலியைக் குறைத்தார்கள். இலை போதாமல் கைக்காசு போட்டு வாங்க நேர்ந்தது. இத்தகைய முறைகேடுகள் இருந்ததால்தான் 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாகவே ஏற்றது. ஆனால் அந்த ஏஜெண்டின் கடை எங்கே என்பது அவளுக்குத் தெரியும். ஆயிரம் பீடிக்குக் கூலி எவ்வளவு என்பதும் தெரியும். குறை இருந்தால் சண்டையிட ஒரு முகம் எதிரே இருந்தது.

இன்றைய விளம்பரத்தில் இல்லாதவை இவைதாம். ஃபிக்ஹு நூல்களில் இஜாரா பாடத்தைத் தொடங்கும் மாணவனுக்கே நாங்கள் முதலில் கற்பிப்பது, வேலையும் கூலியும் அறியப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பதைத்தான். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபட்டவை. ஸூரத்துல் கஸஸில் மத்யன் நகரின் பெரியவர் மூஸா (அலை) அவர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டைப் பாருங்கள். உழைப்பு எது, அதற்கு ஈடு எது, காலம் எட்டு ஆண்டுகள், பத்தாக நிறைவுசெய்தால் அது அவருடைய விருப்பம் என எல்லாமே முன்கூட்டியே பேசப்பட்டன. பெயரும் முகவரியும் இல்லாமல், "தினமும் மூவாயிரம் வரை ஈட்டலாம், அனுபவம் தேவையில்லை" என்று வரும் செய்தியில் வேலை என்னவென்று தெரியாது. கொடுப்பவர் யாரென்றும் தெரியாது. அந்த "வரை" என்னும் சொல்லுக்குள் பூஜ்யமும் அடக்கம். இதற்குப் பெயர் கரர். அதன் தலைப்பில் "ஹலால் வருமானம்" என்று எழுதிப் பச்சை நிறத்தில் பிறை வரைந்துவிட்டால் கரர் நீங்கிவிடாது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, ஹலால் என்ற சொல்லை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. அதற்குப் பிறகும் அச்சொல்லை முத்திரையாக எண்ணுகிறோம்.

அடுத்தது முன்பணம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று பெயர் எதுவாயினும் இருக்கட்டும். இஜாராவில் கூலி செல்வது உழைப்பவரிடம். அது திசைமாறி உழைப்பவரிடமிருந்தே கேட்கப்பட்டால் அங்கே வேலை என்று எதுவும் இல்லை.

தட்டச்சு வேலை என்றொரு வகை இருக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஐந்து நாளில் தட்டச்சு செய்ய வேண்டும், பிழை ஐந்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கைபேசியிலேயே ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குவார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் "தோல்வி" என்றே வரும். பிறகு வழக்கறிஞர் என்று ஒருவன் அழைப்பான். ஆறாயிரம் கட்டினால் வழக்கை முடித்துவிடலாம் என்பான். நம் பெண்கள் இந்த இடத்தில்தான் நடுங்கிப்போய் நகையை அடகு வைக்கிறார்கள். சகோதரிகளே, தட்டச்சில் பிழை விட்டதற்காகக் காவல்துறை யாரையும் கைது செய்யாது. ஒப்பந்தத் தகராறு உரிமையியல் நீதிமன்றத்தின் விஷயம். எந்த நீதிமன்றமும் கைபேசியில் அழைத்துப் பேரம் பேசுவதில்லை. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டெலிகிராமில் நடக்கும் "டாஸ்க்" இதைவிடக் கொடியது. காணொளிக்கு விருப்பம் தெரிவிப்பது, கண்ணால் பார்த்திராத உணவகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுவது ஆகியவையே வேலை. முதல் நாள் நூற்றைம்பது ரூபாய் உண்மையாகவே கணக்கில் ஏறும். அது தூண்டில் புழு. ஆயிரம் போட்டால் ஆயிரத்து முந்நூறு, ஐயாயிரம் போட்டால் இன்னும் கூடுதல் என்று வளரும். பெருந்தொகை சேர்ந்ததும் கணக்கு முடங்கிவிட்டது, வரி கட்டினால் விடுவிக்கலாம் என்பார்கள். இதில் எவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: அந்த முதல் நூற்றைம்பதும் ஹலால் அன்று. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றும் நஜ்ஷை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். உண்ணாத உணவைப் புகழ்ந்து எழுதுவது அதன் உடன்பிறப்பு. பணம் ஒழுங்காக வந்தாலும் இது பொய்ச்சாட்சிதான். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களுக்கு இணங்குவோர் நிலை இன்னும் மோசம். வேறொருவரிடம் திருடிய பணம் அவ்வழியே ஓடும்; கணக்கு முடக்கப்படும்; போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

இவற்றைப் பரப்புவோர் யார்? நம்மவர்களே. ஆளுக்கு இருநூறு ரூபாய் கமிஷன் என்பதற்காகத் தம் சாச்சியையும் பெரியம்மாவையும் சேர்த்துவிடுகிறார்கள். ஆள் சேர்ப்பதால் பணம் வரும் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. "எனக்கு வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று கையைக் கழுவ முடியாது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற நபிமொழியை மதரஸாப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பவர்கள், தம் கைபேசிக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு அளித்துக்கொள்கிறார்கள்.

நேர்மையான வேலைகள் இருக்கின்றன. அவை விளம்பரத்தில் மினுங்குவதில்லை. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் குர்ஆன் ஓதிக்கொடுப்பது, பள்ளிப் பாடங்களுக்கு டியூஷன், சிறு கடைகளின் கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு, தையல், உணவுப் பாதுகாப்புப் பதிவுடன் வீட்டில் சமைத்து விற்பது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் பதிவுசெய்யக் கட்டணம் கிடையாது. வருவாய் மெதுவாகவே வரும். ஆறு மாதம் கழித்தும் ஐந்து மாணவர்கள்தாம் இருக்கக்கூடும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் வங்கிகளால் நிறுத்திவைக்க இயலும். ஆனால் நம் பெண்கள் அழைப்பதில்லை. மாமியாருக்குத் தெரியக்கூடாது, கணவர் தலாக் சொல்லிவிடுவார், பள்ளிவாசலில் பேச்சாகிவிடும் என்று பத்து நாள் மறைக்கிறார்கள். மோசடிக்காரனுக்கு அந்தப் பத்து நாள்கள் போதும். அதை அவனுக்கு வழங்குவது நாம் மிம்பரில் சொல்லும் "பேராசை" என்ற சொல்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நான் கேட்பது ஒன்றே. மஹல்லாக் குழுவில் வேலை அறிவிப்பு எதைப் போட்டாலும், வேலை தருபவரின் முகவரியும் கூலியும் அதில் இருக்கட்டும். போடுபவர் தம் பெயரை எழுதி, அந்த இடத்தை நேரில் அறிவேன் என்று பொறுப்பேற்கட்டும். இதைப் பலமுறை சொல்லியாயிற்று. எங்கள் குழுவில் ரமழானுக்கு முன் போடப்பட்ட "இல்லத்தரசிகளுக்கு ஹலால் வருமானம்" அறிவிப்பு இன்று ஃபஜ்ருக்குப் பின் பார்த்தபோதும் நீக்கப்படாமல் இருந்தது.